சுங்குவார்சத்திரத்துக் கைப்பிடி

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் அம்மா வாரத்துக்கு மூன்று தடவை, உன்னோடு பேசிவிட்டுப் போனை வைத்ததும் என்னிடம் ஒப்பிக்கிறாள். இளைத்துவிட்டாயாம், இருங்காட்டுக்கோட்டை ரூமில் தண்ணீர் சரியில்லையாம், மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. இன்னும் மூன்று வாரத்தில் குன்றத்தூர் மலைக்கோயிலில் உனக்கும் இசக்கிக்கும் கல்யாணம். இதைப் படித்து முடித்த பிறகு அந்தக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். இதை உன் கையில் கொடுக்கிறவளும் இசக்கிதான். உறையை நான் ஒட்டவில்லை. அவள் முதலில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாள். அப்படித்தான் பேச்சு.

நீ ஏன் அவளைக் கட்டிக்கொள்கிறாய் என்பது ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நீ போட்ட கைப்பிடி பெயர்ந்து அவள் மாடியிலிருந்து விழுந்தாள், வலது கை போனது, அதற்குப் பரிகாரமாக நீ தாலி கட்டுகிறாய். உன் அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள், என் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் என்று. ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள இதைவிடக் கேவலமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. வரதட்சணைக்காகக் கட்டுகிறவனாவது தனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்கிறான். நீ அவளுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு திரிகிறாய். வாழ்நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் உனக்குச் சோறு போட வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு குன்றத்தூரில் சொந்தமாக மரவேலைக் கடை போடப்போகிறாயாம். போடு. ஆனால் இரண்டு வருஷமாக நீ துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்க்ரூவைத் தொடவே பயப்படுகிறாய் என்று கேள்விப்பட்டேன். இப்போது வேலை செய்கிற கம்பெனியில் வெளிவேலைக்குக்கூட ஜிங்க் பூசிய இரும்பு ஸ்க்ரூதான் கேட்டு வாங்குகிறாயாம். சுத்த முட்டாள்தனம். சால், தேக்கு, வேங்கை மாதிரி மரத்தில் இரும்பு ஸ்க்ரூவை இறக்கி மழையில் விட்டால் ஒரே வருஷத்தில் தலையைச் சுற்றிக் கறுப்பாக ஒழுகும். மரத்தின் துவர்ப்பு இரும்பைத் தின்னும், அந்தத் துரு திரும்ப மரத்தைத் தின்னும். ஜிங்க் பூச்சு இறக்கும்போதே பாதி உரிந்துபோயிருக்கும். மழை படுகிற இடம், ஆள் சாய்கிற இடம் என்றால் 304 ரக எஸ்எஸ்தான் போட வேண்டும், தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேல் கட்டை எவ்வளவு தடிமனோ அதைப்போல் இரண்டு பங்காவது ஸ்க்ரூ கீழ்க் கட்டைக்குள் போக வேண்டும். கழுத்துப் பக்கம் மரை இல்லாமல் வழுவழுவென்று இருக்கிறதா என்று பார்த்து எடு, அப்போதுதான் இரண்டு கட்டையும் நெருங்கி ஒட்டும். கட்டையின் வெட்டுமுகத்தில் இறக்காதே, அங்கே பிடிப்பு நிற்காது. ஓரத்திலும் இறக்காதே, பிளந்துகொள்ளும். முதலில் சரியான அளவில் துளை போடு, மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள், மெதுவாகத் திருப்பு. இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. பிரச்சினையே அதுதான்.

நான் முப்பது வருஷம் பேக்கிங் பெட்டி அடித்தவன். தொழிற்சாலைக்காரன் மெஷினை உள்ளே வைத்துக் கப்பலேற்றுவான், போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடைத்துப் போட்டுவிடுவான். ஒரே ஒரு பயணம் தாங்கினால் போதும். என் கை அதற்குத்தான் பழகியிருந்தது. கொஞ்சம் பேர் வந்த பிறகுதான் வெளிவேலை, எஸ்எஸ் ஸ்க்ரூ எல்லாம். ஸ்க்ரூ டப்பாவைப் பிரித்துக் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன், ஒட்டவில்லை என்றால் அசல் 304 என்று வாங்குவேன். நாலு பேர் முன்னால் அதைச் செய்துகாட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. நீ டிப்ளமா முடித்துவிட்டு என் பெட்டி ஷெட்டுக்கு வந்த முதல் மாதம், பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் பேட்டரியையும் எடுத்தாய். ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை வைத்தாய். சொட்டு சிவப்பாக மாறியது. "இது 202-பா, மட்ட ரகம். காந்தம் இதுலயும்தான் ஒட்டாது. ஒரு மழை பார்த்தா துரு வந்துடும்" என்றாய். எதிரே வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும், என்னோடு இருபது வருஷமாக வேலை செய்கிற ஏழுமலையும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நீ என்னை அவமானப்படுத்த நினைக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாய். அதனால்தான் தாங்க முடியவில்லை. பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். "இன்னாடா, மூணு வருசம் காலேஜுக்குப் போய்கினு வந்துட்டு எனக்கே ஸ்க்ரூ காட்றியா?" என்று கத்தினேன். எனக்கு வந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அது பொறாமை. பெற்ற பிள்ளைமேல் பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வந்தது, இன்னும் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் சுங்குவார்சத்திரம் வேலை வந்தது. தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி. முதல் மாடியில் துணி காயப்போட ஒரு மரத்தளமும், அதைச் சுற்றிக் கைப்பிடியும் கேட்டார்கள். நீ எடுத்துச் செய்தாய். கைப்பிடியைத் தாங்கப் பன்னிரண்டு மரக்கால். "கயித்த இந்தக் கால்லதான் கட்டுவாங்கபா. ஈரத்துணி எப்பவும் இழுத்துகினே இருக்கும். அதனால நூறு மில்லி நீளத்துல 304, கால் ஒண்ணுக்கு நாலு" என்றாய். யார் எங்கே கயிறு கட்டுவார்கள் என்பது வரைக்கும் யோசித்திருந்தாய். துண்டுக் கட்டையில் துளை போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்தாய். எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் நீயே போட்டாய். சால் மரம் இறுக்கம், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஸ்பானரில் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினாய். சாயங்காலம் பார்த்தால் ஆறு கால்தான் முடிந்திருந்தது. மறுநாள் லைசென்ஸ் வேலையாக ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டியிருந்தது உனக்கு. "மீதி ஆறு நான் வந்து இறக்கிக்கிறேன், யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் தொட்டேன். அன்று சாயங்காலம் பெட்டி ஏற்ற லாரி வருகிறது, ஏழுமலை ஷெட்டில் வேண்டும், அந்த வேலையை முடித்துத் தொலைக்க வேண்டும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பெட்டியில் நாங்கள் ஸ்க்ரூ போடுகிற விதம் உனக்குத் தெரியும். முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புவோம். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியே தலையைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே மரை கடித்துப் பிடிக்க வேண்டிய நாரெல்லாம் கிழிந்துபோயிருக்கும். ஏழுமலை தயங்கினான். "மொதலாளி, தம்பி தொட வேணாம்னு சொல்லிகினு போச்சு" என்றான். "ஷெட்டு தம்பியுதா என்னுதா? அடி" என்றேன். அவன் கை எழவில்லை. சுத்தியலை வாங்கி நானே அடித்தேன். ஆறு கால், இருபத்துநாலு ஸ்க்ரூ. நீ போட்ட துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. அடிக்கும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ திரும்பி வந்து கேட்டபோது ஏழுமலை தரையைப் பார்த்தான். "ஸ்பானர்லதான் இறக்கனோம், இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்குற" என்றேன். நீ ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்துவிட்டு நம்பினாய்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. மரம் ஊறிக் காய்ந்து சுருங்கியது. அந்த விடுதியில் தங்கியிருந்த இசக்கி அன்று முதல் ஷிப்ட் முடித்துவந்து போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு கட்டியிருந்த கால் சாய்ந்தது. அவள் அதைப் பிடித்தாள், அது அவளோடு போனது. விடுதியில் என் நம்பர்தான் இருந்தது, எனக்குத்தான் முதலில் போன் வந்தது. நான் போனபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலது முழங்கை இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் அவள் பக்கம் போகவில்லை. மாடிக்குப் போனேன். கீழே விழுந்த காலுக்குப் பக்கத்துக் காலைத் தொட்டேன். ஸ்க்ரூ விரலோடு வந்தது, பின்னாலேயே மரத்தூள் கொட்டியது. ஒன்றுகூட உடையவில்லை. நீ பார்த்து எடுத்த ஸ்க்ரூ அத்தனையும் முழுசாக, பளபளவென்று இருந்தன. நான் அடித்தவற்றை எல்லாம் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் நான் செய்ததைக் கவனமாகப் படி. ஷெட்டுக்கு வந்தேன். ஒரு ஸ்க்ரூவை மேசையில் இருக்கிற இடுக்கி, அந்த வைஸில் மாட்டினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடித்து அடித்துக் கழுத்தில் முறித்தேன். சுலபமாக முறியவில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. நீ ஓடிவந்ததும் அதை உன் கையில் வைத்து, "பாருடா உன் எஸ்எஸ்ஸு லட்சணத்த. மெது, உடையும், இரும்பு போடுன்னு தலப்பாடா அட்சிகினேன், கேட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். இரும்பு போடு என்று நான் சொன்னதே கிடையாது. ஆனால் நீ அதையும் நம்பினாய். ஏழுமலை வைஸ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டான். இருபது வருஷம் இருந்தவன் ஏன் போனான் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடை போடுகிறவனுக்கு இன்னொரு பாடம் சொல்கிறேன். எஸ்எஸ் மெது என்பது உண்மைதான். வேகமாக இறக்கினால் சூடாகி நடுவழியில் சிக்கிக்கொள்ளும், தலை நைந்துபோகும். ஆனால் ஒரு பெண்ணின் பாரத்துக்கு எட்டு மில்லி 304 நாலும் முறியாது. அதிகம் போனால் வளையும். முறிந்த ஸ்க்ரூ கையில் கிடைத்தால் முறிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நான் உன்னிடம் கொடுத்ததன் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் வைஸின் பல் பதிந்திருந்தது. தேய்த்து அழிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு அவசரம். ஒரு சொட்டு விட்டு என் முப்பது வருஷ அனுபவத்தைப் பொய்யாக்கியவன், அந்த முறிந்த துண்டை இரண்டு வருஷமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறாய், ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. தப்பு உன்மேல் என்று யாராவது சொன்னால் போதும், சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறாய். அது நல்ல மனசு இல்லை. பயம். எதிராளி முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லப் பயம். அந்தப் பயத்தை உனக்குள் அடித்து இறக்கியவன் நான்தான், சின்ன வயசிலிருந்து. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும்.

போன வாரம் இசக்கி கல்யாணப் பத்திரிகை கொடுக்கத் தனியாக ஷெட்டுக்கு வந்தாள். அவள் அந்த விடுதியிலேயே வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயரை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். தொழிற்சாலை லைனில் இரண்டு கையும் வேண்டும், அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையை இடது கையால் நீட்டக் கூடாதென்று, விரல் மடங்காத வலது கையின்மேல் தாம்பாளத்தில் வைக்கிற மாதிரி வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும் மாமா. அவிய எங்கிட்ட அந்தத் திருகாணியப் பத்தியேதான் பேசுதாவ. பாக்க வந்தாலும் மொத எங் கையத்தான் பாக்காவ. எம் மூஞ்சிய எத்தன வாட்டி பாத்திருப்பாவன்னு எண்ணிச் சொல்லிரலாம். அது நெசமாவே அவிய தப்புதானா?" என்றாள்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மனசாட்சி என்று எழுதினால் நீ நெகிழ்ந்துபோவாய், அதனால் எழுத மாட்டேன். அவள் கேட்ட விதத்தில் பொய் சொல்ல இடமில்லை. சுத்தியல், சட்டைப்பை, வைஸ் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள். பிறகு அடுக்கியிருந்த பேலட் பலகைகள் மேல் உட்கார்ந்தாள். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். "என்னய ஏத்தும்போது நீங்க மாடிக்கு ஏறிப் போனிய. ஆட்டோக்குள்ள இருந்து பாத்தேன். மத்த பிள்ளேளு யாரும் விழுந்துரக் கூடாதுன்னு பாக்கப் போறாவன்னு நெனச்சேன்" என்றாள். என் வயசில் எனக்கு வெட்கம் என்று ஒன்று மிச்சமிருக்கும் என்று நினைக்கவில்லை. அன்று உடம்பெல்லாம் கூசியது.

"ஒங்கள என்ன செய்யணுங்கறத பொறவு பாப்பேன். மொத அவியளுக்குத் தெரியணும். எழுதிக் குடுங்க. வாயால சொன்னா மாத்திப்புடுவிய" என்றாள்.

"அவனுக்குத் தெரிஞ்சா கண்ணாலமே நின்னாலும் நின்னுடும்மா" என்றேன்.

"நிக்கட்டும். எங் கைக்காவ ஒருத்தரு எங்கூடக் காலம்பூரா இருக்காண்டாம்." வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். "நான்தான் குடுப்பேன். அவிய படிச்சி முடிச்சி நிமிரும்போது மொத எதப் பாக்காவன்னு எதிர்த்தாப்புல நின்னு பாப்பேன். கையப் பாத்தாவன்னா அன்னைக்கே ஊருக்கு ரயிலேறிருவேன். இத மட்டும் எழுதிராதீய மாமா."

நான் என்ன விரும்புகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. சுத்தியலைத் தூக்கினால் தோள் நடுங்குகிறது. ஷெட்டில் இப்போது இருப்பவர்களுக்கு ஸ்க்ரூவுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு நீ திரும்பி வர வேண்டும், என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவன் நீ ஒருவன்தான். கல்யாணம் நின்றால் போக இடமில்லாமல் வருவாய் என்று நினைக்கிறேன். இந்த நினைப்பும் கேவலம்தான், இருந்தாலும் அது இருக்கிறது. இன்று முதல் உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் கை உன்னால் போகவில்லை. ஆகவே அவளைக் கட்டிக்கொள்ள உனக்கு இனி ஒரு காரணமும் கிடையாது, அவளைப் பிடித்திருந்தால் தவிர. பிடித்திருக்கிறதா என்று இந்த இரண்டு வருஷத்தில் நீ ஒரு நாள்கூட யோசித்திருக்க மாட்டாய்.

எழுதாதீர்கள் என்று அவள் சொன்னதை எழுதிவிட்டேன். அவளும் அதைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுத்திருக்கிறாள். இப்போது நீ நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாலும், அது நீயாகப் பார்த்ததா, உன் அப்பன் எழுதிக்கொடுத்துப் பார்த்ததா என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எதிரில்தான் நிற்கிறாள். நிமிர்ந்து பார்.